காப்புறுதிக் கம்பனியிடம் தவணை, அதாவது கெடு நீடிப்பு, வாங்குவது எப்படி: நடுத்தீர்ப்புக் கெடு முடிவதற்குள்

அண்ணாவின் அச்சகம் இலங்கையில், யாழ்ப்பாணத்துக் கே.கே.எஸ். வீதியில், கொக்குவில் பக்கம் இருக்கிறது. கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள் எல்லாம் அடிப்பார்கள். 2019 ஒக்டோபரில் ஓர் இரவு மின்னொழுக்கால் தீப்பிடித்தது. இயந்திரம் ஒன்று போனது. அடுக்கி வைத்திருந்த பேப்பர் பாதி எரிந்தது, மீதி தீயணைத்த தண்ணீரில் ஊறிப்போனது. இருப்புக் கணக்குப் புத்தகமும் அதோடு போய்விட்டது.

காப்புறுதிக் கம்பனி இயந்திரத்துக்குப் பணம் தந்தது. பேப்பருக்கு நாங்கள் கேட்ட 18 லட்சம் ரூபாவை மறுத்தது. இருப்பு இருந்ததற்கு ஆதாரம் இல்லையாம். மறுப்புக் கடிதத்தில் 2020 ஜனவரி 27 என்று திகதி இருந்தது. எங்கள் கைக்கு அது பெப்ரவரி 3ஆம் திகதிதான் வந்தது. அண்ணா கடிதத்தை வாசித்தார், கோபப்பட்டார், கோப்பில் போட்டார். பிணக்கை நடுத்தீர்ப்புக்கு அனுப்புவதற்கான கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்று அப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நான் சட்டத்தரணி இல்லை. முப்பது வருடம் வர்த்தகமும் கணக்கியலும் படிப்பித்தவள். ஓய்வுக்குப் பிறகு சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அண்ணாவின் விடயத்தில் பட்டதையும் படித்ததையும் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, இப்போது எழுதியே வைக்கிறேன். பெரிய தொகை என்றால் கட்டாயம் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். ஆனால் அவரிடம் போகும் நாளில் கெடு உயிரோடு இருக்க வேண்டும்.

முதலில் பொலிசியை எடுத்துப் பின்பக்கத்து நிபந்தனைகளை வாசியுங்கள். சின்ன எழுத்துத்தான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நடுத்தீர்ப்பு, அதாவது ஆர்பிட்ரேஷன், பற்றி ஒரு நிபந்தனை இருக்கும். ஊரில் பலர் இதை மத்தியஸ்த சபையோடு குழப்பிக்கொள்கிறார்கள். மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி நடப்பது. அது இரு பக்கத்தாரையும் சமாதானப்படுத்தப் பார்க்கும். நடுத்தீர்ப்பாளர் அப்படியில்லை, அவர் தீர்ப்புச் சொல்வார். அது 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

அந்த நிபந்தனையில் இரண்டு விடயங்களைத் தேடுங்கள். எந்த மாதிரியான பிணக்கு நடுத்தீர்ப்புக்குப் போகும் என்பது ஒன்று. சில பொலிசிகளில் எல்லா வேறுபாடுகளும் போகும். வேறு சிலவற்றில் தொகை பற்றிய வேறுபாடு மட்டும்தான் போகும். அந்த வகையில், "நாங்கள் பொறுப்பே இல்லை" என்று கம்பனி சொன்னால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மற்றது, எப்போதிலிருந்து எத்தனை மாதம் என்பது. பொதுவாகக் காண்பது இது: கம்பனி மறுத்த திகதியிலிருந்து 12 மாதத்துக்குள் நடுத்தீர்ப்புக்கு அனுப்பாவிட்டால் கோரிக்கையைக் கைவிட்டதாகக் கருதப்படும். அண்ணாவின் பொலிசியில் அதுதான் இருந்தது. சில தீக் காப்புறுதிப் பொலிசிகளில் இன்னொரு கெடுவும் உண்டு. சேதம் நடந்த நாளிலிருந்து 12 மாதம் போனால், வழக்கோ நடுத்தீர்ப்போ நடந்துகொண்டிருந்தால் தவிர, கம்பனிக்குப் பொறுப்பில்லை என்று அது சொல்லும். இரண்டும் ஒரே பொலிசியில் இருந்தால் முந்தி முடிகிறதைத்தான் உங்கள் கெடுவாக எடுக்க வேண்டும்.

நாளை எண்ணும்போது உங்களுக்குப் பாதகமான கணக்கையே எடுங்கள். கடிதம் கைக்குக் கிடைத்த நாளை விட்டு, கடிதத்தில் போட்டிருக்கும் திகதியிலிருந்து எண்ணுங்கள். எங்களுக்கு அது 2021 ஜனவரி 26 என்று நான் நாட்காட்டியில் குறித்தேன். 27 என்றும் வாதிடலாம்தான். வாதிட வேண்டிய நிலைக்கே போகக் கூடாது.

நான் அதைக் குறித்தது 2020 டிசம்பர் கடைசியில். அதற்கு முன் பதினொரு மாதம் எங்கே போனது? மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. யாழ்ப்பாணத்தை அபாய மாவட்டங்களில் சேர்த்ததால் எங்களுக்கு அது பல மாவட்டங்களை விட நீண்டது. திறந்த பிறகு அண்ணா மீள்பரிசீலனை கேட்டு எழுதினார். கிளையில் "பரிசீலனையில் இருக்கிறது, பாப்பம்" என்றார்கள். ஒக்டோபரில் கொழும்புப் பக்கம் மறுபடி மூடியது. டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் மழை, அச்சக வாசல் வரை வெள்ளம். வெள்ளம் வடிந்து ஈரக் கோப்புகளை வெயிலில் காயப்போட்டபோதுதான் பொலிசியின் பின்பக்கத்தை முழுதாக வாசித்தேன். உள்ளங்கை வியர்த்துவிட்டது.

கம்பனியோடு கதைத்துக்கொண்டிருப்பது கெடுவை நிறுத்தாது. இந்த ஒன்றுக்காகவே இதை எழுதுகிறேன் என்றாலும் தகும். "பரிசீலிக்கிறோம்" என்ற கடிதம் தவணை அல்ல. "இன்னும் இரண்டு ஆவணம் தாருங்கள்" என்பதும் தவணை அல்ல. கிளை முகாமையாளர் தொலைபேசியில் "அவசரமில்லை, ஐயா" என்று அன்பாகச் சொல்வதும் தவணை அல்ல. அவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அவருக்கு அந்த அதிகாரம் இருக்காது.

இன்னும் மூன்று இடங்களில் ஆட்கள் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் இருக்கிறதே என்பார்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் சொல்வது அது, சரிதான். ஆனால் பொலிசியில் நீங்கள் ஒப்புக்கொண்ட 12 மாதம் வேறு கணக்கு. ஆறு வருடத்தை நம்பிப் பன்னிரண்டு மாதத்தை விடக் கூடாது. இன்னும் சிலர் நேரே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுவார்கள். நடுத்தீர்ப்புக்கு விட ஒப்புக்கொண்ட விடயம் என்று கம்பனி ஆட்சேபித்தால், 1995 சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி அதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை. அதைத் தெரிந்துகொள்வதற்குள் மாதங்கள் போய்விடும். காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு, அதாவது காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவருக்கு, எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். செலவில்லாத வழி, நல்ல வழி. ஆனால் அங்கே முறைப்பாடு கிடக்கிறது என்பதற்காகப் பொலிசியின் கெடு நிற்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒம்புட்ஸ்மன் முடிவு வந்து 60 நாள் வரை தவணை தரும்படி கம்பனியைக் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

கொரோனாக் காலத்துக்கென்று 2021இல் 17ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வந்ததைச் சிலர் காட்டுவார்கள். அது சட்டம் விதித்த காலக்கெடுகளைத் தவறவிட்டவர்களுக்கானது. இரண்டு பேர் ஒப்பந்தத்தில் போட்டுக்கொண்ட கெடு வேறு.

சரி, தவணை கேட்பதற்கு வருவோம்.

கெடுவுக்கு மூன்று கிழமையாவது இருக்கும்போது கேளுங்கள். கம்பனி மறுத்தால் மற்ற வேலையைச் செய்ய உங்களுக்கு நாள் வேண்டும். கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும், பிரதி கிளைக்கு. கோரிக்கைகளுக்குப் பொறுப்பான முகாமையாளர் அல்லது அவருக்கு மேலுள்ளவர் கையெழுத்திட வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, முடிந்தால் கையிலும் ஒன்று. கொழும்பில் வேலை செய்யும் என் மருமகன் ஜனவரி 5ஆம் திகதி நேரில் போய்க் கொடுத்து, எங்கள் பிரதியில் அவர்களுடைய றப்பர் முத்திரையையும் திகதியையும் வாங்கி வந்தான். அந்த முத்திரை வைத்த தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஏன் தவணை வேண்டும் என்பதை ஒரு பந்தியில், உண்மையாக, குறிப்பாகச் சொல்லுங்கள். "கொரோனாவால் தாமதம்" என்று மட்டும் எழுதினால் வாசிக்கிறவர் மனம் அசையாது. நாங்கள் எழுதியது இப்படி: இருப்புப் புத்தகம் எரிந்துவிட்டது; பேப்பர் வாங்கிய கொழும்பு மொத்த வியாபாரிகள் மூவரிடம் விற்பனைப் பற்றுச்சீட்டுப் பிரதிகள் கேட்டிருக்கிறோம்; ஒக்டோபரிலிருந்து அவர்கள் அலுவலகம் ஒழுங்காக இயங்கவில்லை; அவை கிடைத்தால் தொகையில் உடன்பாடு வரலாம், இரு பக்கத்துக்கும் நடுத்தீர்ப்புச் செலவு மிஞ்சும். கடைசி வரி முக்கியம். நடுத்தீர்ப்பாளருக்குக் கட்டணம் உண்டு, கம்பனிக்கும் அது செலவுதான். தவணை தருவதால் அவர்களுக்கும் ஒரு நன்மை இருக்கிறது என்று காட்டுங்கள்.

அந்தக் கடிதத்தோடு, கம்பனி கையெழுத்திட வேண்டிய உடன்பாட்டையும் நீங்களே தயாரித்து இணையுங்கள். அவர்களை எழுதச் சொன்னால் அது மேசையில் கிடக்கும். பொலிசி ஆங்கிலத்தில் என்றால் உடன்பாட்டையும் ஆங்கிலத்திலேயே செய்யுங்கள். உள்ளடக்கம் இதுதான்:

"மேற்படி கோரிக்கையை மறுத்துக் கம்பனி 27.01.2020 திகதியிட்டு அனுப்பிய கடிதம் தொடர்பானது. பொலிசியின் நடுத்தீர்ப்பு நிபந்தனையின் கீழ் இந்த வேறுபாட்டை நடுத்தீர்ப்புக்கு அனுப்புவதற்கான கெடுவை 30.04.2021 வரை, அந்த நாளும் உட்பட, நீடிக்க இரு தரப்பும் உடன்படுகின்றன. அந்த நாளுக்குள் கம்பனியின் தலைமை அலுவலகத்தில் கையளிக்கப்படும் நடுத்தீர்ப்பு அறிவித்தல் கெடுவுக்குள் தரப்பட்டதாகக் கொள்ளப்படும். கெடு கடந்துவிட்டது என்ற ஆட்சேபத்தைக் கம்பனி எழுப்பாது. இந்த நீடிப்பால் கம்பனி கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாகவோ, காப்புறுதி செய்தவர் தம் உரிமை எதையும் விட்டுக்கொடுத்ததாகவோ ஆகாது."

மேலே பொலிசி இலக்கம், கோரிக்கை இலக்கம். கீழே இரு தரப்புக் கையெழுத்து, பதவி, திகதி.

இதில் ஏன் இப்படி எழுதினேன் என்று சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு. "மூன்று மாதம் நீடிப்பு" என்று எழுதாமல் ஒரு நாளைக் குறிப்பிட்டேன். எந்த நாளிலிருந்து மூன்று மாதம் என்ற சண்டை பின்னால் வரக் கூடாது. பழைய கெடு 26இல் முடிகிறதா 27இல் முடிகிறதா என்பதை எழுதவே இல்லை. புதிய நாள் தெளிவாக இருந்தால் பழையதைப் பற்றிய வாக்குவாதம் தேவையில்லை. "ஆட்சேபம் எழுப்பாது" என்ற வரியைக் கட்டாயம் வையுங்கள், அந்த வாக்குறுதிக்காகத்தான் இவ்வளவு பாடும். கடைசி வசனம் கம்பனியின் பயத்தைப் போக்குவதற்கு. அது இல்லாவிட்டால் அவர்களுடைய சட்டப் பிரிவு கையெழுத்திட விடாது.

இன்னொரு கவனம். சமரசம் பேசும் கடிதங்களின் தலையில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று போடுவது வழக்கம். அப்படிப் போட்ட பேச்சைச் சாட்சியமாகக் காட்டுவதில்லை என்பதே அதன் பொருள். தவணை உடன்பாட்டின் தலையில் அதைப் போட்டுவிட்டால், நாளைக்கு உங்களுக்குத் தேவைப்படும்போது அதை எடுத்து நீட்ட முடியாமல் போகலாம். தொகை பற்றிய பேச்சு அந்தத் தலைப்போடு ஒரு கடிதத்தில் போகட்டும். தவணை வேறு கடிதத்தில், வெளிப்படையாகப் போகட்டும்.

பதில் வராவிட்டால்? காத்திருக்கக் கூடாது. கெடுவுக்கு ஒரு கிழமை இருக்கும்போதும் கையெழுத்து வரவில்லையென்றால் நடுத்தீர்ப்பு அறிவித்தலை அனுப்பிவிடுங்கள். அதை ஏதோ பெரிய வழக்காக நினைத்துப் பயப்படுகிறார்கள். ஒரு பக்கக் கடிதம்தான். இன்ன பொலிசியின் கீழ் இன்ன வேறுபாடு எழுந்திருக்கிறது, நிபந்தனையின்படி அதை நடுத்தீர்ப்புக்கு விடுகிறோம், நடுத்தீர்ப்பாளராக இன்னாரை முன்மொழிகிறோம், சம்மதத்தைத் தெரிவியுங்கள். பொலிசி ஒருவர் என்கிறதா, இரு பக்கத்துக்கும் ஒவ்வொருவர் என்கிறதா என்பதைப் பார்த்து அதன்படி எழுதுங்கள். தபாலில் போட்ட நாளை நம்பாமல், கம்பனியின் கைக்குக் கிடைத்த நாள் கெடுவுக்குள் இருக்கும்படி பாருங்கள். அறிவித்தல் போன பிறகும் சமரசம் பேசலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நான் ஜனவரி 10ஆம் திகதியே இதை எழுதி, அண்ணாவிடம் கையெழுத்து வாங்கி, மருமகனிடம் அனுப்பி வைத்துவிட்டேன். 20ஆம் திகதி வரை கம்பனி கையெழுத்திடாவிட்டால் நேரே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருந்தேன்.

கெடு முடிந்த பிறகு வருகிறவர்களுக்குச் சொல்லும்போதுதான் என் மனம் பாரமாகிறது. சுன்னாகத்தில் என் பழைய மாணவியின் தகப்பன், லொறி வைத்திருந்தவர், மறுப்புக் கடிதம் வந்து பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு வந்தார். கிளைக்கு நடந்து நடந்தே அந்த மாதங்கள் போயிருந்தன. அவரிடம் எழுத்தில் ஒரு துண்டும் இல்லை. அவருக்குப் பணம் கிடைக்கவில்லை.

அப்படி முடிந்துவிட்டாலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கம்பனி விரும்பினால் முடிந்த கெடுவையும் விட்டுக்கொடுக்கலாம். கோப்பைத் திகதி வரிசையில் அடுக்கி, கெடு முடிந்த பிறகு கம்பனி செய்தவற்றைத் தேடுங்கள். புதிதாக மதிப்பீட்டாளரை அனுப்பியதா? ஆவணம் கேட்டு எழுதியதா? தொகை பேசியதா? கோரிக்கை உயிரோடு இருப்பதுபோலக் கம்பனியே நடந்துகொண்டால், அதை வைத்து ஒரு சட்டத்தரணி வாதிடலாம்.

நீதிமன்றத்திடம் தவணை கேட்க முடியாதா என்று பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் கேட்பார்கள். ஏனென்றால் அங்கே முடியும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டு நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. முந்திய 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் "அளவுக்கு மீறிய கஷ்டம்" என்று காட்டினால் போதும். 1967இல் ஒன்பது நாள் பிந்திய கப்பல் வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தவணை கொடுத்தது. இப்போது இறுக்கம். ஒப்பந்தம் செய்தபோது இரு தரப்பும் நினைத்தே பார்த்திருக்க முடியாத சூழ்நிலை, அதோடு தவணை தருவது நியாயம் என்று காட்ட வேண்டும். அல்லது மற்றத் தரப்பின் நடத்தையால் கெடுவைப் பிடித்துக்கொள்வது அநியாயம் என்று காட்ட வேண்டும். மறந்துபோனோம் என்பது அதற்குள் வராது. 2018இல் இரண்டு மோட்டார்க் காப்புறுதிக் கம்பனிகளுக்கிடையிலான வழக்கில் தவணை கிடைத்தது. அவர்கள் பிணக்கில் முதலில் முடிவெடுத்த குழு நாளை எங்கிருந்து எண்ணியதோ, அந்த வழக்கம் ஒப்பந்தக்காரர் நினைத்திராத ஒன்றாக இருந்ததுதான் காரணம். இந்தியாவில் 1996 சட்டத்தின் 43ஆம் பிரிவு இன்னும் பழைய "அளவுக்கு மீறிய கஷ்டம்" என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் கடை வைத்திருக்கும் நம் ஆட்கள் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நம் 1995 சட்டத்தை நான் வரி வரியாக வாசித்தேன். அந்த மாதிரி ஒரு பிரிவை அதில் காணவில்லை. 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டப்படி ஆயுள், தீக் காப்புறுதி விடயங்களில் ஆங்கிலச் சட்டம் நமக்குப் பொருந்தும் என்பது உண்மை. அதற்காக இங்கிலாந்து நீதிமன்றத்தின் தவணை கொடுக்கும் அதிகாரமும் கூடவே இங்கே வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்பவருக்குத் தவணை என்றால் கம்பனியின் கையெழுத்துத்தான்.

எங்கள் உடன்பாட்டில் கம்பனி ஜனவரி 19ஆம் திகதி கையெழுத்திட்டது. மூலப் பிரதி 22ஆம் திகதி பதிவுத் தபாலில் வந்தது. பெப்ரவரி முழுக்க அண்ணியும் நானும் அந்த மூன்று வியாபாரிகளின் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து, மாதவாரியாக வாங்கியது எவ்வளவு, அச்சடித்தது எவ்வளவு என்று இருப்புக் கணக்கைத் திரும்பக் கட்டினோம். புதிய கெடுவுக்கு இரண்டு கிழமைக்கு முன் இன்னொரு தவணை கேட்க வேண்டுமா என்று பார்க்க ஏப்ரல் 16ஐச் சிவப்பில் வட்டமிட்டிருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை. மார்ச் கடைசியில் கம்பனி 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாவுக்கு ஒத்துக்கொண்டது. கையெழுத்திட்டு அனுப்பி வைத்திருந்த நடுத்தீர்ப்பு அறிவித்தல் கையளிக்கப்படாமலே மருமகனிடமிருந்து திரும்பி வந்தது. பெயர்களை மறைத்து அதன் பிரதியையும் தவணை உடன்பாட்டின் பிரதியையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். மறுப்புக் கடிதத்தோடு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.